அலாட்சாடாவிலிருந்து ஆர்லிங்டன் வரை

பிழைப்பை நாடிக் கடல் கடந்து போனவன், யுத்தம் மூளும்போது எந்தக் கொடியின் கீழ் நிற்பான் என்ற சந்தேகம் எல்லாத் தேசங்களிலும் எழுந்திருக்கிறது. அதற்குத் தம் உயிரையே விடையாகத் தந்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் டில்பாய் என்ற கிரேக்க இளைஞர். அவருடைய சரித்திரத்தில் ஒரு வீரரின் மகிமை மட்டுமன்றி, வீரர்களைப் போற்றும் அரசாங்கங்களின் மனப்போக்கும் தெளிவாகத் தெரிகிறது.

ஆசியா மைனரின் மேற்குக் கரையில், ஸ்மிர்னாவுக்கு அப்பால் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தில், திராட்சைத் தோட்டங்களும் காற்றாலைகளும் சூழ்ந்த அலாட்சாடா என்ற ஊரில் 1896-ம் ஆண்டில் அவர் பிறந்தார். ஆட்சி துருக்கி சுல்தானுடையது. ஊராரில் பெரும்பாலோர் கிரேக்கர்கள். 1908-ல் சிறுவனாக அமெரிக்கா சேர்ந்து, கீன் என்ற ஊரிலும், பிறகு பாஸ்டனை அடுத்த ஸாமர்வில்லிலும் வளர்ந்தார். 1912-ல் பால்கன் யுத்தம் தொடங்கியதும், தாய்நாட்டுக்காகப் போரிட அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய ஆயிரக்கணக்கான கிரேக்கர்களோடு அவரும் புறப்பட்டு, தெஸ்ஸாலியிலும் மாசிடோனியாவிலும் போர்க்களம் கண்டார். திரும்பி வந்தபின் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து மெக்ஸிகோ எல்லையில் காவல் புரிந்தார். மகாயுத்தத்தில் அமெரிக்கா இறங்கியபோது, 103-வது காலாட்படையின் சிப்பாயாகப் பிரான்ஸுக்குச் சென்றார்.

1918 ஜூலை 18-ந் தேதி, மார்ன் நதிப் பிரதேசத்தில் நேச நாடுகளின் பெரும் எதிர்த்தாக்குதல் ஆரம்பமாயிற்று. பெல்லோ கிராமத்துக்கு அருகே ரயில் பாதையின் கரைமேட்டை அவருடைய பிளட்டூன் கைப்பற்றியதும், அப்பாலுள்ள நிலையை அறிய அதன் தலைவரோடு டில்பாய் முன்னே சென்றார். நூறு கஜ தூரத்திலிருந்து திடீரென ஒரு இயந்திரத் துப்பாக்கி சீறியது. மறைவு தேடாமல், தண்டவாளத்தின் மீது எதிரியின் கண்ணுக்கு நேரே நின்றபடியே அவர் திருப்பிச் சுட்டார். அது அடங்கவில்லை என்று கண்டதும், துப்பாக்கி முனையில் குத்துவாளைப் பொருத்திக்கொண்டு கோதுமை வயலின் ஊடே அதை நோக்கிப் பாய்ந்தார். இருபத்தைந்து கஜம் இருக்கும்போது, வலது கால் முழங்காலுக்கு மேல் ஏறக்குறைய துண்டாகி, உடலெங்கும் குண்டுகள் துளைக்க வீழ்ந்தார். வீழ்ந்த இடத்தில் படுத்தவாறே சுட்டு, இருவரைக் கொன்று, எஞ்சியவர்களைச் சிதறியோடச் செய்தபின்பே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அமெரிக்காவின் அதியுன்னத வீர விருதான கௌரவப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது.

மைந்தனின் உடல் ஜன்மபூமியில் அடங்க வேண்டும் என்ற தந்தையின் விருப்பப்படி, அது அலாட்சாடாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆனால் 1922-ல், அங்கே நிலைகொண்டிருந்த கிரேக்க சைன்யம் தோற்றுப் பின்வாங்கி, துருக்கியப் படை அப்பிரதேசத்தை மீட்டபோது, அந்தச் சமாதியும் அவமதிப்புக்கு உள்ளாயிற்று. ஜனாதிபதி ஹார்டிங், லிட்ச்ஃபீல்ட் என்ற போர்க்கப்பலை அனுப்பி அஸ்தியை மீட்டுவரச் செய்தார். 1923 நவம்பரில், ஜனாதிபதி கூலிட்ஜின் காலத்தில், ஆர்லிங்டன் மயானத்தில் அது ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டு லோஸானில் செய்துகொண்ட உடன்படிக்கையால், துருக்கியிலிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களும் கிரீஸிலிருந்த முஸ்லிம்களும் லட்சக்கணக்கில் இடம் மாற்றப்பட்டனர். அலாட்சாடாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரேக்கர் எவரும் எஞ்சவில்லை; தம் ஊர்களை இழந்து வந்த முஸ்லிம் அகதிகள் அங்கே குடியேற்றப்பட்டனர்.

இவ்வளவுக்கும் பிறகு நிகழ்ந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. ஆர்லிங்டன் அடக்கம் நிகழ்ந்து ஓராண்டு முடியுமுன்பே, 1924-ல், அமெரிக்கா நிறைவேற்றிய புதிய குடியேற்றச் சட்டம், கிரீஸிலிருந்து வருவோருக்கு ஆண்டொன்றுக்கு நூறு பேர் என்ற வரம்பை விதித்தது. அஸ்தியை மீட்கப் போர்க்கப்பல் அனுப்பிய அதே தேசம், அந்த வீரருடைய இனத்தார் வீடிழந்து நின்ற வேளையில் வாயிலை அடைத்துக்கொண்டது. மாண்டவருக்குச் சிலை எடுப்பது எந்த அரசுக்கும் எளிது. அவர் வந்த வழியே உயிரோடு வருகிறவனுக்கு இடம் கொடுப்பதுதான் கடினம். அந்நியன் நமக்காக உயிர் விடுவானா என்று கேட்கும் தேசம், அவன் நம்மிடையே வாழ நாம் சம்மதிப்போமா என்று தன்னையும் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.