உலோகத்தின் மிச்சம் – 9: அளவு பெரிதென்றால் அபாயம் சிறிதா?

பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரிக்கப்படும் விதத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த வேலை முடிந்தபின் ஆலையில் எது மிஞ்சுகிறது, அந்த மிச்சத்தைச் சட்டம் எந்தக் கணக்கில் எழுதுகிறது என்பதுதான் இந்த வாரக் கேள்வி. நம் நாட்டின் அபாயகரமான கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. சாம்பல், பாஸ்போஜிப்சம், சிவப்புச் சேறு, ஜாரோசைட், உலையில் உருக்கிய உலோகத்தின் கசடு, சுரங்கக் கழிவு ஆகியவை ‘அளவில் அதிகம், விளைவில் குறைவு’ என்ற வகையைச் சேர்ந்தவை. எனவே இவை அபாயகரமான கழிவுப் பட்டியலில் வாரா. இவற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனியாக வழிகாட்டுதல் தரும் என்பது அதன் சாரம். இந்தியாவின் கனிமப் பதப்படுத்தும் ஆலைகள் மலைமலையாகக் குவித்து வைத்திருக்கும் கழிவில் பெரும்பகுதி இந்தக் குறிப்புக்குள் அடங்கிவிடுகிறது. அளவில் அதிகம் என்பதை எடை போட்டு அறியலாம். விளைவில் குறைவு என்பதை யார், எந்த மண்ணில், எந்த மழையில் சோதித்தார்கள்? இந்த இரண்டு தன்மைகளையும் ஒரே தொடரில் சேர்த்து எழுதியதுதான் கோளாறு என்பது என் வாதம். ஒரு கழிவு அதிகமாக இருப்பது அதன் தீமை குறைவு என்பதற்குச் சான்றாகாது. அதைக் கையாளுகிறவரின் பொறுப்பு கூட வேண்டும் என்பதற்குத்தான் அது சான்று.

‘அளவில் அதிகம், விளைவில் குறைவு’ என்ற சிந்தனைக்கு அமெரிக்காவில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. கழிவு மேலாண்மைக்கான மத்தியச் சட்டம் அங்கே 1976-இல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1978-இல் முன்மொழிந்தபோது, பேரளவில் சேரும் சில கழிவுகளைத் தனி வகையாகப் பார்க்கலாம் என்றது. 1980-இல் அலபாமா மாநில உறுப்பினர் டாம் பெவில் கொண்டுவந்த திருத்தம் ஒரு படி மேலே போனது. தாது தோண்டுவதிலும் சுத்திகரிப்பதிலும் பதப்படுத்துவதிலும் வரும் கழிவுகளை முகமை ஆராய்ந்து முடிக்கும் வரை, அபாயகரமான கழிவுக்கான கடும் விதிகள் அவற்றுக்குப் பொருந்தாது என்றாகிவிட்டது. தற்காலிகம் என்றுதான் பேச்சு. ஆய்வு இழுபட்டது, வழக்கு வந்தது, 1988-இல் நீதிமன்றம் விலக்கின் எல்லையைச் சுருக்கச் சொன்னது. மறு ஆண்டு முகமை வகுத்த அளவுகோலைக் கவனியுங்கள்: திடக்கழிவானால் ஓர் ஆலைக்குச் சராசரியாக ஆண்டுக்கு 45,000 டன், திரவமானால் 10 லட்சம் டன். இந்த அளவைத் தாண்டி, தீமை குறைவு என்ற சோதனையிலும் தேறினால்தான் விலக்குக்குப் பரிசீலனை. அதாவது, ஒரு கழிவில் 30,000 டன் சேர்ந்தால் அதற்கு முழுச் சட்டமும் பொருந்தும். அதே தன்மையுள்ள கழிவு 3 லட்சம் டன் சேர்ந்தால் விலக்குக்கான வாசல் திறக்கும். கடைசியில் 1991-இல் சிவப்புச் சேறு, பாஸ்போஜிப்சம், தாமிரக் கசடு, ஈயக் கசடு உட்பட 20 பதப்படுத்தல் கழிவுகள் நிரந்தரமாகவே விலக்குப் பெற்றன. பாஸ்பாரிக் அமில ஆலைகளின் அமிலக் கழிவுநீரும் அந்த இருபதில் ஒன்று.

அந்த விலக்கின் பின்விளைவை புளோரிடாவில் பார்க்கலாம். ஒரு டன் பாஸ்பாரிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஐந்து டன் பாஸ்போஜிப்சம் மிஞ்சும். பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே இருக்கும் ரேடியம் அதில் தங்கிவிடுகிறது. பைனி பாயின்ட் என்ற இடத்தில் இயங்கிய ஆலையை அதன் உரிமையாளர் 2001-இல் திவாலாகிக் கைவிட்டுப் போனார். ஜிப்சம் மேடும் அதன்மேல் இருந்த குளங்களும் அங்கேயே நின்றன. இருபது ஆண்டு கழித்து, 2021 ஏப்ரலில், குளத்தின் விரிப்பில் கசிவு கண்டு கரை உடையும் நிலை வந்தபோது 300-க்கும் மேற்பட்ட வீடுகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கரையைக் காப்பாற்ற, ஆலைக் கழிவுநீரும் கடல்நீரும் கலந்த சுமார் 21.5 கோடி கேலன் நீரைத் தம்பா விரிகுடாவில் வேண்டுமென்றே திறந்துவிட்டார்கள். நம் கணக்கில் 80 கோடி லிட்டருக்கு மேல். லாபம் பார்த்தவர் போய்விட்டார். கழிவு மட்டும் மக்கள் தலையில் விழுந்தது.

சிவப்புச் சேற்றைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். பாக்சைட்டை நைசாக அரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைப்பார்கள். அலுமினா கரைசலோடு போய்விடும். இரும்பு ஆக்சைடும் டைட்டானியமும் சிலிக்காவும் கரையாமல் அடியில் படியும். அந்தப் படிவைத் திரும்பத் திரும்ப அலசி சோடாவை மீட்பார்கள். ஆனாலும் முழுதும் மீளாது. மிஞ்சும் சேறு செங்கல் நிறத்தில், மாவுபோல நுண்ணிய துகள்களோடு இருக்கும். அதன் காரத்தன்மை 10 முதல் 13 பிஹெச் வரை நிற்கும். ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் சேறு. ஒரு டன் அலுமினியத்துக்கு அதைப்போல இரட்டிப்பு. கோடையில் குளத்தின் மேற்பரப்பு காய்ந்து வெள்ளைச் சோடா பூக்கும், காற்றடித்தால் செம்புழுதி எழும். மழைக்காலத்தில் அது மறுபடியும் குழம்பாகும். அலுமினாவை இப்படிப் பிரிக்கும் எந்த ஊருக்கும் இது பொதுதான். மேட்டூரில் 1960-களில் தொடங்கி 2008-இல் நின்றுபோன அலுமினிய ஆலையின் செஞ்சேறும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் அருகேயே கிடந்தது.

2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்கா நகரில் இத்தகைய குளமொன்றின் கரை உடைந்தது. லட்சக்கணக்கான கன மீட்டர் சேறு கொலொந்தார், தெவெச்சேர் என்ற இரு ஊர்களுக்குள் அலையாகப் புகுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் அதிகமானோர் காயமுற்றார்கள். அதில் பலருக்கு ரசாயனப் புண். முழங்கால் ஆழச் சேற்றில் நடந்தவர்களின் தோலைக் காரம் அரித்தது. மார்சல் ஆற்றில் உயிரினம் அடியோடு அழிந்தது. காரத்தைத் தணிக்க ஆற்றில் ஜிப்சத்தைக் கொட்டினார்கள். அன்றைய ஐரோப்பியக் கழிவுப் பட்டியலில் சிவப்புச் சேறு அபாயமற்றது என்றே பதிவாகியிருந்தது. ஆலை நிர்வாகமும் அதைத்தான் எடுத்துக்காட்டியது. அபாயப் பொருள் கொண்ட சிவப்புச் சேற்றுக்கென்று ஒரு தனிப் பதிவு 2014-இல்தான் அந்தப் பட்டியலில் ஏறியது. ஆலைக்கு 13,500 கோடி ஃபோரின்ட் அபராதம் விதித்தார்கள். அவ்வளவு பணம் அதனிடம் இல்லை. நிறுவனம் கலைப்புக்குப் போனது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இந்தியாவிலும் 2019 ஏப்ரலில் ஜார்க்கண்டின் முரியில் சிவப்புச் சேற்றுக் குளத்தின் கரை சரிந்து சுற்றுப்புற நிலத்தில் பரவியது. ‘விளைவு குறைவு’ என்ற முத்திரை எந்தக் கரையையும் தாங்கிப் பிடிக்கவில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, சோதனைச் சாலை முடிவுகளைச் சார்ந்தது. சிவப்புச் சேற்றையும் கசடையும் அமிலத்தில் அலசிப் பார்த்தால் வெளிவரும் ஈயமும் ஆர்செனிக்கும் பெரும்பாலும் வரம்புக்குள் இருக்கின்றன, பிறகெதற்கு அச்சம் என்று கேட்கிறார்கள். கசிவுச் சோதனைக்கு அதற்குரிய இடம் உண்டு. ஆனால் அந்தச் சோதனை நகரக் குப்பைமேட்டில் கிடக்கும் கழிவை மனத்தில் வைத்து உருவானது: மாதிரியைப் பொடித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் சுழற்றி, கரைந்த உலோகத்தை அளப்பார்கள். காரத்தால் ஆபத்தாகும் ஒரு பொருளை அமிலத்தில் அலசி அளப்பதால் அதன் காரம் தெரியவராது. கரையின் உறுதி தெரியவராது. முப்பது ஆண்டுகள் வெயிலும் மழையும் வாங்கிய குவியலின் அடியில் நிலத்தடி நீர் என்ன ஆயிற்று என்பதும் தெரியவராது. ஜாரோசைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாக ஆலையின் இந்தக் கழிவில் ஈயமும் காட்மியமும் உண்டு. அதைச் சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்து இறுக்கி வைப்பதற்கென்றே ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. இறுக்கிக் கட்டினால்தான் அடங்கும் என்று ஆலையே ஒப்புக்கொள்ளும் ஒரு பொருளைக் கட்டுவதற்கு முன்பே விளைவில் குறைவு என்று விதி சொல்லலாமா?

இரண்டாவது மறுப்புதான் கனமானது. இவற்றை அபாயகரமான கழிவு என்று அறிவித்தால், கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற பாதுகாப்பான புதைப்பு மையங்களுக்கு இத்தனை லட்சம் டன்னையும் கொண்டுபோக முடியுமா? முடியாது. அவை சில ஆண்டுகளிலேயே நிரம்பிவிடும். லாரிச் செலவே ஆலையை முடக்கிவிடும். இதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து விலக்கு என்ற முடிவு பிறக்காது. இந்தக் கழிவு அது பிறந்த இடத்திலேயே நெடுங்காலம் கிடக்கப் போகிறது என்றால், அந்த இடத்துக்கான விதி கடுமையாக இருக்க வேண்டும் என்பதே நேரான முடிவு. அடியில் விரிப்பு, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு, அணைக்கட்டுக்கு உள்ளதுபோல ஆண்டுதோறும் கரையின் உறுதிச் சான்று, குழம்பாகத் தேக்காமல் வடிகட்டி அழுத்திக் கட்டியாக அடுக்குவது என எல்லாமே இன்று தெரிந்த பொறியியல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய பிறகான பராமரிப்புச் செலவை ஆலை ஓடும் காலத்திலேயே டன்னுக்கு இவ்வளவு என்று வைப்புநிதியாகக் கட்டிவிட வேண்டும். பைனி பாயின்ட்டிலும் அய்காவிலும் இல்லாமல் போனது இந்தப் பணம்தான்.

வழிகாட்டுதல்கள் இருக்கின்றனவே, நீர்ச் சட்டத்தின்படி இசைவாணை நிபந்தனைகளும் உண்டே என்பார்கள். ஆனால் அபாயகரமான கழிவு என்றால் தனி அங்கீகாரம் வேண்டும், ஆலையில் 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, எங்கே போகிறது என்பதற்கு ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டு இருக்க வேண்டும், சேதத்துக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. விலக்குப் பெற்ற கழிவுக்கு இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. தூத்துக்குடியில் நடந்தது அதற்குச் சாட்சி. தாமிரக் கசடு உப்பாறு ஓடையையொட்டிக் கொட்டப்பட்டு நீரோட்டத்துக்குத் தடையாக நின்றது. அதை அகற்றாததும், வழிகாட்டுதல்படி ஜிப்சம் குளம் அமைக்காததும் 2018 ஏப்ரலில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட் ஆலைக்கு இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்த ஐந்து காரணங்களில் அடங்கும். கசடு அபாயகரமானதல்ல, அது கிடப்பது தனியார் பட்டா நிலம் என்பவை ஆலைத் தரப்பு வாதங்களில் இடம்பெற்றன. அதைத் தொடர்ந்து வந்த மூடல் உத்தரவை உயர் நீதிமன்றம் 2020-இலும், உச்ச நீதிமன்றம் 2024-இலும் உறுதிசெய்தன. ஆலை வாசலைத் தாண்டியதும் கசடுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழவே இடம் இருந்திருக்கக் கூடாது.

மறுபயன்பாட்டைச் சொல்லி எழுப்பும் மறுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் 2016 முதல் தாமிரக் கசடை மணலுக்குப் பதில் ஓரளவு சேர்க்க இடம் தருகிறது. சிவப்புச் சேறு சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. இது ஆற்று மணலையும் காப்பாற்றும். அபாய முத்திரை குத்தினால் வாங்குவார் இருக்கமாட்டார் என்ற கவலை நியாயமானதே. ஆனால் சிமென்ட்டில் கலந்து இறுகுவதும், பள்ளத்தை நிரப்பவென்று ஓடைக்கரையில் கொட்டுவதும் ஒரே பயன்பாடு அல்ல. பாஸ்போஜிப்சத்தைக் கட்டுமானப் பொருளாக விற்க வேண்டுமானால் அதன் ரேடியம் கிராமுக்கு ஒரு பெக்கரலுக்குள் இருக்க வேண்டும் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது; அதனால் ஜிப்சம் விற்பனை நின்றுவிடவில்லை. எந்தப் பயன்பாடு, எவ்வளவு, எங்கே என்று எழுதிவைத்தால் நல்ல வாங்குவோர் வருவார்கள். கணக்கில்லாமல் கொட்ட நினைப்பவர்கள்தான் விலகுவார்கள்.

ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த ஒரு வரிக் குறிப்பை நீக்கி, பேரளவுக் கழிவுகளுக்கென்று சட்ட வலுவுள்ள தனி விதித் தொகுப்பைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, உங்கள் மாவட்டத்தில் புதிதாக ஓர் உருக்காலைக்கோ உர ஆலைக்கோ பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தால், சுற்றுச்சூழல் அறிக்கையில் கழிவுக் குவியலின் இடமும் உயரமும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். மூடிய பிறகு அதைப் பராமரிக்கும் பணம் யார் பெயரில், எந்த வங்கியில் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.