ராஜிக்காக அழுதவர்களும் ராஜியை எதிர்த்தவர்களும்

தொலைக்காட்சித் தொடரொன்றில் வரும் குற்றக் காட்சி மும்பாயிலோ சென்னையிலோ இருந்து பார்ப்பவருக்கு ஒரு மணிநேரப் பொழுதுபோக்காக இருக்கலாம். ஆனால் சோதனைச் சாவடிகளைக் கடந்து பாடசாலைக்கும் வேலைக்கும் போய்வந்த எமது பெண்களுக்கு அது அவ்வளவு இலகுவாகக் கடந்துபோகும் விடயமல்ல. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் திகதி அமேசான் பிரைம் தளத்தில் வெளியான ‘த ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பருவத்தைப் பார்த்தவர்களிடம் எழுந்த எதிர்வினைகள் இதனை நன்கு உணர்த்துகின்றன.

ராஜ், டி.கே. என்ற இருவர் உருவாக்கிய இந்தத் தொடரில், மனோஜ் பாஜ்பாய் புலனாய்வு அதிகாரியாக நடித்தார். அவர் தேடும் ராஜி என்ற ஈழத்துப் பெண்ணாக நடித்தவர் சமந்தா. ராஜி போரில் தன் குடும்பத்தை இழந்தவள். இராணுவத்தினரின் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். பின்னர் ஆயுதக் குழுவொன்றில் சேர்ந்து, சென்னையில் தொழிற்சாலைத் தொழிலாளியாக மறைந்து வாழ்பவள் என்று கதை போகிறது. தொடரில் வரும் இயக்கம் கற்பனைப் பெயர் கொண்டதுதான். ஆயினும் அது எதனைச் சுட்டுகின்றது என்பது பார்த்த எவருக்கும் விளங்காமல் போகவில்லை.

எதிர்ப்பும் பாராட்டும்

தொடர் வெளியாகும் முன்பே, 2021 மே மாதத்தில் முன்னோட்டக் காட்சி வந்தவுடன் எதிர்ப்புக் கிளம்பியது. தமிழ்நாட்டின் அப்போதைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ், தொடரைத் தடை செய்யும்படி இந்திய மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். வைகோ, சீமான் போன்றோரும் கண்டனம் தெரிவித்தனர். ஈழத் தமிழரை அயல்நாட்டு உளவு அமைப்புடன் கைகோர்க்கும் பயங்கரவாதிகளாகக் காட்டுகிறார்கள் என்பதே பிரதான குற்றச்சாட்டு. ஈழத்துப் பெண் என்றாலே கறுப்பாக இருக்க வேண்டும் என்பதுபோல் நடிகையின் நிறத்தை ஒப்பனையால் கறுப்பாக்கியதும் விமர்சிக்கப்பட்டது.

மறுபுறத்தில், தொடரைப் பார்த்து முடித்தவர்களில் பலர் ராஜிக்காகக் கண்ணீர் விட்டனர். அந்தப் பாத்திரத்துக்காக ஈழப் பெண்களின் துயரம் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்து அதிர்ந்துபோனதாகவும், போரில் மாண்டவர்களுக்கும் அதன் நினைவுகளோடு வாழ்பவர்களுக்கும் தான் செய்யும் அஞ்சலியாக ராஜியைக் கருதுவதாகவும் சமந்தா தெரிவித்தார். அவரது நடிப்புக்கு விருதும் கிடைத்தது.

எதிர்த்தவர்கள் இனத்தின் மானத்தைப் பற்றிப் பேசினார்கள். பாராட்டியவர்கள் நடிப்பைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ராஜிக்கு நடந்தது போன்றவற்றை வாழ்க்கையில் கண்ட பெண்கள் எதைப் பார்த்தார்கள், எதை உணர்ந்தார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

பேசப்படாத காட்சிகள்

இந்தத் தொடர் பற்றி எமது பெண்களுடன் கதைக்கும்போது ஒரு விடயத்தை அவதானிக்க முடிந்தது. அவர்களது மனதில் நின்றது துவக்குச் சண்டையோ விமானமோ அல்ல. பஸ்ஸில் ராஜியின் உடம்பில் கைபடும் காட்சி. வேலைத்தளத்தில் மேலதிகாரி அவளை நெருக்கும் காட்சி. அதிலே ஒரு தாய், அந்த இடத்தில் கைத்தொலைபேசியை மகனிடமே கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டதாகச் சொன்னார். வேறொருவர், நிறத்தையும் பேச்சையும் பிழையாகக் காட்டினாலும் பஸ்ஸை மட்டும் சரியாகக் காட்டியிருக்கிறார்கள் என்றார்.

போர்க்கால வன்முறையைப் பற்றி எமது சமூகம் ஓரளவுக்குப் பேசுகின்றது. செய்தவன் மாற்றான் என்பதால் அதைப் பேசுவது இலகு. பஸ்ஸிலும் வேலைத்தளத்திலும் கை வைப்பவன் எம்மவனாக இருக்கும்போது மட்டும், “பொம்பிளைப் பிள்ளை பொறுத்துத்தான் போகவேணும்” என்கிறோம். ஒரே பெண்ணின் உடம்பில் நிகழ்ந்த இரண்டு குற்றங்களில் ஒன்றுக்குக் கண்ணீரும் மற்றதற்கு மௌனமும் என்பது நீதியாகுமா?

ராஜி இவற்றுக்கு என்ன செய்கிறாள்? தன்னை நெருங்கியவனைக் கொல்கிறாள். பார்த்தவர்கள் பலர் இதைத் துணிச்சல் என்று மெச்சினார்கள். அந்த ஆத்திரம் விளங்கக்கூடியதே. ஆனால் ராஜிக்கு ஆயுதப் பயிற்சி இருந்ததேயொழிய, நடந்ததை மனம்விட்டுச் சொல்ல ஒரு தோழி இருக்கவில்லை. போகக்கூடிய ஒரு வைத்தியரோ சட்டத்தரணியோ கூட இருக்கவில்லை. கொலை செய்த பின்னரும் அவள் தனித்தே நிற்கிறாள். அவளுக்கு நடந்த அநியாயம் எந்தப் பதிவிலும் இல்லை.

குற்றத் தொடர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிரித்தானியாவில் 2017இல் ஒளிபரப்பான ‘புரோட்சேர்ச்’ தொடரின் மூன்றாம் பருவத்தை எடுத்துக்கொள்வோம். அது நடுத்தர வயதுப் பெண்ணொருவர் மீதான பாலியல் வன்முறையைப் பற்றியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புகளின் ஆலோசனையுடன் அது எழுதப்பட்டது. வன்முறையைக் காட்டாமல், அதற்குப் பின்னர் நடப்பதையே முதல் அத்தியாயம் காட்டுகிறது. ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் அந்தப் பெண்ணின் சம்மதம் கேட்கப்படுகிறது. பொலிஸார் அவசரப்படாமல் காத்திருக்கிறார்கள். இப்படி நடத்தப்படுவது தங்கள் உரிமை என்பதை அதைப் பார்க்கும் பெண்கள் அறிந்துகொள்வார்கள்.

உண்மை எப்படி வெளியே வந்தது?

எமது மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி, செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். உறவினரும் சட்டத்தரணிகளும் பெண்கள் அமைப்புகளும் விடாமல் கேட்டதன் பயனாக வழக்குக் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1998 ஜூலையில் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றத்தில் சொன்ன வார்த்தையால்தான் செம்மணிப் புதைகுழி உலகுக்குத் தெரியவந்தது. 1999இல் அங்கு 15 எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தியில் மீண்டும் அகழ்வு நடைபெற்றபோது சிறு குழந்தைகளின் எச்சங்களும் வெளிவந்தன.

எத்தனையோ பெண்களுக்கு இந்த அளவு நீதிகூடக் கிடைக்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வழக்குப் பேசப்பட்டதால் பல உண்மைகள் மண்ணிலிருந்து எழுந்தன. ராஜியின் பழிவாங்கலால் அப்படி ஒன்றும் வெளிவரவில்லை என்பதே வேறுபாடு.

நாம் செய்யக்கூடியவை

பஸ்ஸிலோ வேலைத்தளத்திலோ தொந்தரவு செய்வது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றமாகும். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்த இப்பிரிவின் கீழ் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். உடம்பில் தொட்டால் மட்டுமல்ல, பாலியல் நோக்குள்ள வார்த்தையும் செயலும்கூட இதற்குள் அடங்கும்.

பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. பொலிஸ் நிலையங்களிலுள்ள பெண்கள், சிறுவர் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ இயங்குகின்றது. அங்கு வன்முறைக்குள்ளான பெண்கள் ஆலோசனை பெறலாம். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகின்றது. தனியே போகப் பயமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

இனி, இப்படியான தொடர்களைப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. ஒரு காட்சியில் நெஞ்சு படபடத்தாலோ, கை கால் விறைத்தாலோ அது உங்கள் பலவீனம் அல்ல. உடம்பு தான் பட்டதை மறக்கவில்லை என்பதே அதன் அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். முகத்தைக் கழுவி, முற்றத்துக்கு வந்து, வீட்டில் உள்ள ஒருவருடன் கதைக்கலாம். வீட்டார் பார்க்கிறார்கள் என்பதற்காக நீங்களும் இருந்து பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. நித்திரையின்மையும் கெட்ட கனவுகளும் தொடருமானால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடத் தயங்க வேண்டாம்.

அம்மா, அக்கா, சித்தி என்று யாராவது ஒரு காட்சியில் எழும்பிப் போனால், “இது படம்தானே” என்று பகிடி பண்ணாதீர்கள். ஏன் போனாய் என்று துருவவும் வேண்டாம். ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கள். அவர் சொல்ல விரும்பினால் கேளுங்கள். சொல்லாவிட்டாலும் கூட இருங்கள்.

சகோதரிகளே, திரையில் வரும் ராஜிக்காக அழுவதில் தவறில்லை. அதேவேளை, நாளை காலை பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒதுங்கி ஒதுங்கி நெளிந்தால், “இஞ்சால வா பிள்ளை” என்று கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் நிறுத்துங்கள். குரலை உயர்த்தி அவனைக் கேளுங்கள். ராஜிக்குக் கிடைக்காத துணை அந்தப் பிள்ளைக்காவது கிடைக்கட்டும்.