பசையில் நட்ட போல்ட்டுகளும் மோட்டாரின் அதிர்வும்

கிணற்று மேடையில் இறைப்பு மோட்டாரை நிறுத்துங்கால், காங்கிரீட்டில் துளையிட்டு, இரண்டு டப்பாக்களிலுள்ள எபாக்ஸிப் பசையைக் கலந்து நிரப்பி, அதில் போல்ட்டுகளை நட்டுவிடும் வழக்கம் உண்டு. வேலை சுருக்கமாய் முடிகிறது. மறுநாள் கடப்பாரையால் நெம்பினாலும் போல்ட்டு அசையாதிருப்பது கண்டு குடியானவர் திருப்தியடைகிறார். ஆயினும், ஒரு நாள் தாங்குவது வேறு, வருஷக்கணக்கில் தாங்குவது வேறு.

இரும்பு, தன் சக்திக்குட்பட்ட பாரத்தால் சிறிது நீண்டாலும், பாரம் நீங்கியதும் முன்னிலைக்கு வந்துவிடும். பசையோ, இறுகிய பின்னரும் பாகின் குணத்தை முற்றும் விடுவதில்லை. பாரம் மிகுந்தால், ஒவ்வோர் இழுப்பிலும் சற்று இளகி, திரும்பும்போது முழுதும் திரும்பாமல் அணுவளவு நின்றுவிடுகிறது. நிமிஷத்துக்கு 1,440 தடவை சுழலும் மோட்டாரின் அச்சு சமன் பிசகியிருந்தால், ஒரு மணி நேரத்தில் 86,400 உதறல்கள்! வெயிலும் இதற்குத் துணை செய்கிறது. அறைச் சூட்டில் இறுகும் பசைகளிற் பல, 50 அல்லது 60 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போதே மென்மையடைகின்றன. ஈரமும் அவற்றை இளக்கும்.

அதிர்வே இல்லாத இடத்திலும், ஓயாத பாரம் இதே கேட்டை விளைவிக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2006 ஜூலை 10ஆம் தேதி, சுரங்கப்பாதை ஒன்றின் மேற்கூரைப் பலகைகள் சுமார் 26 டன் எடையளவு பெயர்ந்து கார் ஒன்றின்மீது விழ, அதிற் சென்ற ஸ்திரீ உயிர் நீத்தார். அப்பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் பசையில் நட்டவையே. விரைவில் இறுகும் ரகத்துப் பசை, நீடித்த பாரத்துக்கு மெல்ல நெகிழ்ந்து கொடுத்ததை 2007இல் விசாரணை வெளிப்படுத்தியது. அத்திட்டத்தின் சுரங்கமொன்றில் 1999இலேயே சில போல்ட்டுகள் இறங்கக் காணப்பட்டன. அவற்றைத் திரும்ப நட்டு, சிறிது நேரம் இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார்கள். நமது கடப்பாரைப் பரீட்சையும் இத்தகையதே.

ஆகையால், புதிதாய் மேடை கட்டுவோர், கீழ்முனை வளைத்த போல்ட்டுகளைக் காங்கிரீட்டுடன் சேர்த்தே வார்த்துவிடுவது சிலாக்கியம். பசைதான் உபயோகிக்க வேண்டுமெனில், துளையின் தூளைப் பிரஷ்ஷால் தேய்த்து ஊதி நீக்குக. விரைவில் இறுகும் ரகத்தைத் தவிர்க்க. கிணற்றின் உட்சுவரில் தொங்கும் தாங்கிகளுக்குப் பசையை மட்டும் நம்புதல் கூடாது.

பஞ்சாயத்துக் கிணறுகளில் போல்ட்டுக்கும் காங்கிரீட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, மாதம் ஒரு முறை பார்த்து வரலாம். கோடு மயிரிழை விலகியிருப்பினும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். கீழே ஆள் இறங்கலாகாது. நட்டை மட்டும் முறுக்கி இறுக்கினால், போல்ட்டு பின்னும் மேலே இழுபடுமேயன்றிப் பசை பலப்படாது.