குழந்தைகளும் புலனுணர்ச்சியும்

குக்கர் சீழ்க்கையடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையைப் பிடிவாதமுடையதென்று கடிந்துகொள்வோர் பலர். சட்டைக் கழுத்துப்பட்டையின் உராய்வைக்கூடச் சில குழந்தைகள் தாங்கமாட்டா. வேறு சிலவோ விழுந்து அடிபட்டாலும் பொருட்படுத்துவதில்லை.

புலன்கள் ஐந்தோடு முடிவதில்லை. உட்செவியின் அரைவட்டக் குழல்கள் தலையின் அசைவையும், தசைகளிலுள்ள நரம்பு முனைகள் உறுப்புகளின் நிலையையும் மூளைக்கு அறிவிக்கின்றன. வேண்டாத செய்திகளை அடக்கி, வேண்டியவற்றை இணைப்பது மூளையின் பணி. இப்பணியில் நேரும் குறையே இத்தொல்லைகளுக்குக் காரணமென்று அமெரிக்க அம்மையார் ஜீன் ஏர்ஸ் 1972-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதனைத் தனி நோயாகக் கொள்வதில் மருத்துவரிடையே இன்னும் உடன்பாடில்லை. எனினும், ஆட்டிசமுடைய குழந்தைகள் பலரிடம் இக்குறிகள் காணப்படுவது ஐயமற்றது. உட்செவிக் கோளாற்றால் செவித்திறன் குன்றியவருக்கும் பேரொலி பொறுக்க இயலாததாகலாம்; ஆதலின் செவிச் சோதனையே முதலில் செய்யத்தக்கது.