கடைக்கு இடமுண்டு, சரக்குக்கு?

தியாகராய நகர், மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் குடியிருப்புக்காக வகுத்த பகுதி. வீடுகளுக்கென்று போட்ட அதே தெருக்களில் இன்று பல மாடி ஜவுளிக் கடைகள். துணிக்கட்டுகளை இறக்க ஒரு லாரி நின்றாலே தெரு அடைத்துக்கொள்கிறது. இதைப் போக்குவரத்துக் காவலரின் தலைவலியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் நெரிசல் கட்டட அனுமதியிலேயே தொடங்கிவிடுகிறது. வாடிக்கையாளரின் கார் எங்கே நிற்கும் என்று கறாராகக் கேட்கும் திட்டமிடல், சரக்கு எங்கே, எந்நேரத்தில் இறங்கும் என்பதையும் அதே கறாரோடு கேட்க வேண்டும்.

சரக்கை மனத்தில் வைத்துச் சென்னை ஒருமுறை திட்டமிட்டது. ஜார்ஜ் டவுனில் கொத்தவால்சாவடியின் குறுகிய சந்துகளில் திணறிய காய்கறி மொத்த வணிகம், 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. பழைய பகுதிக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. ஆனால் சந்தையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. 2002இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் பக்கத்திலேயே வந்தது. லாரிகளும் பேருந்துகளும் ஒரே சாலைகளுக்குப் போட்டியிட்டன. இடத்தை மாற்றினால் மட்டும் போதாது, சுற்றிலும் எதை அனுமதிக்கிறோம் என்பதும் முக்கியம்.

பெரிய கடைகளையும் ஊருக்கு வெளியே அனுப்பிவிடலாமே என்பார்கள். லாரிக்கு அது வசதிதான். ஆனால் மாம்பலத்தில் மின்சார ரயிலில் இறங்கி, 2023இல் திறந்த நடைமேம்பாலம் வழியாகக் கடைக்குப் போகிறவர், புறநகர் மாலுக்குப் பெரும்பாலும் சொந்த வண்டியில்தான் போவார். நூறு பேர் வாங்கும் துணியை ஒரு லாரி கொண்டுவந்துவிடும். அந்த நூறு பேரும் தனித்தனி வண்டியில் கிளம்பினால் சாலை தாங்காது. இணையத்தில் வாங்கினாலும் சரக்கு வண்டி ஒழிவதில்லை, வீட்டுத் தெருவுக்கு வருகிறது.

ஆகவே கடை ஊருக்குள்ளேயே இருக்கட்டும், சரக்கு வரும் நேரம் மாறட்டும். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இரவு நேர விநியோகத்தைச் சோதித்தபோது வண்டிகள் பகலைவிட விரைவாகச் சென்றன. இரவில் ஆள் வைக்கச் சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது என்ற எதிர்ப்பு நியாயமானது. சுமை தூக்குவோருக்கும் இரவுக்கூலி கூடுதலாகத் தர வேண்டும். அதனால் இரவு விதி பெரிய கடைகளுக்கு மட்டும் போதும். சிறு கடைகளுக்குத் தெருமுனையில் பொது இறக்குமிடம் ஒன்றை மாநகராட்சி ஒதுக்கினால், அங்கிருந்து தள்ளுவண்டியில் கொண்டுபோய்விடலாம். பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலப்படுத்தி, நடப்பவருக்கு உரிய இடத்தைக் கொடுத்த மாநகராட்சிக்கு இது எட்டாத வேலை அல்ல. இறக்குமிடம் காட்டாத எந்தப் பெரிய கடையின் வரைபடத்துக்கும் இனி ஒப்புதல் தரக் கூடாது.