யுக்கியா அராஷிரோ

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தோசைக்கல் சூடேறுமுன்னரே கெந்திங் மலையை நோக்கிச் சைக்கிள் மிதிக்கும் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய நாமம் யுக்கியா அராஷிரோ. ஜப்பானின் தென்கோடியில், இஷிகாக்கி தீவில் 1984இல் ஜனித்தவர் இவர். 2009ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மொனாக்கோவிலே புறப்பட்டு, மூன்று வார காலம் மலையும் சமவெளியும் கடந்து, இவரும் சகதேசத்தவரான ஃபுமியுக்கி பெப்புவும் பாரிஸ் நகரை எய்தியபோது, அப்பந்தயத்தைப் பூர்த்தி செய்த முதல் ஜப்பானியர் என்னும் கீர்த்தி அவ்விருவருக்கும் உரித்தாயிற்று. அவர்களுக்கு முன்னர் 1996இல் முயன்ற மற்றொரு ஜப்பானியரான இமானாக்காவுக்கு அப்பாக்கியம் கிட்டவில்லை.

2010இல் இத்தாலியச் சுற்றில் ஒருநாள் மூன்றாமிடம், 2012இல் பிரான்சின் லிமூசின் சுற்றில் வெற்றி எனச் சில பெருமைகள் உண்டெனினும், அவருடைய ஜீவிதத்தின் பெரும்பகுதி பரோபகாரமே: குழுவின் காரண்டை பின்வாங்கி, தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் முதுகு புடைக்கத் திணித்துக்கொண்டு, இழந்த தூரத்தை மீண்டும் மிதித்துப் பிடித்து, தலைவனின் கையில் ஒரு புட்டியை நீட்டுவது. பந்தி பரிமாறியவர்களுக்கு அந்த உழைப்பு விளங்கும். 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில், சொந்த மண்ணிலே ஃபூஜி மலைச்சாரலில் சைக்கிள் மிதித்து, அவர் அடைந்தது முப்பத்தைந்தாம் இடம்.