காக்காவின் இரண்டு கத்திகள்

மழைக்கு முன் வயலுக்குப் போகும் மனிதரிடம் இரண்டு பொருள்கள் தவறாமல் இருக்கும். தலைக்கு ஒரு துவாய். கைக்கு ஒரு கத்தி. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் ஊர்களில் இவ்வழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், அதற்கும் அப்பால் காடு. வாடி கட்டக் கம்பு வெட்டவும், வாய்க்காலை மூடிய பற்றையைக் களையவும், வேலிக்கட்டையைக் கூராக்கவும், தாகத்துக்கு இளநீர் சீவவும் ஒரே காட்டுக் கத்திதான் உதவுகின்றது. 1949 ஆம் ஆண்டில் கல்லோயாத் திட்டம் தொடங்கிய பின்னர் காடாகக் கிடந்த நிலம் பெருமளவில் வயலாயிற்று. அந்த மாற்றத்தில் பெரிய இயந்திரங்களுக்குப் பங்கு உண்டு. இந்தச் சிறிய கத்திக்கும் பங்கு உண்டு.

சென்ற பெரும்போகத்துக்குச் சற்று முன்னர் கல்முனையைச் சேர்ந்த எமது நெடுநாளைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயதில் மூத்த அவரை நாம் காக்கா என்றே அழைப்பது வழக்கம். கையில் சாக்கில் சுற்றிய ஒரு பொதி. பின்னால், ஒரு காலத்தில் எம்மிடம் பயின்ற அவருடைய மகன், முகத்தைத் தொங்கவிட்டபடி நின்றார்.

“சேர், நீங்க படிச்ச ஆக்கள். இதுல எது கத்தி, எது தகரம் எண்டு இவனுக்கு நீங்களே சொல்லுங்க” என்று கூறிப் பொதியை அவிழ்த்தார் காக்கா.

உள்ளே இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று, லொறி வில்லுத் தகட்டில் கொல்லர் அடித்துக் கொடுத்த பழைய கத்தி; கறுத்துப் போய்ப் பார்வைக்கு அழகற்றது. மற்றையது மகன் வாங்கிய புதிய கத்தி. கண்ணாடி போன்ற பளபளப்பு, முதுகில் வாள்பற்கள், கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. ஆனால் பிடி வேறு, அலகு வேறாகக் கிடந்தது. முதல் நாள் கட்டை வெட்டும்போது, ஓங்கிய வேகத்தில் அலகு பிடியை விட்டுப் பறந்து, அருகில் நின்ற பிள்ளையின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி மரத்திற் குத்தி நின்றதாம். அதைச் சொல்லும்போது காக்காவின் குரல் கம்மிற்று. பிள்ளை அவருடைய பேரன்.

ஒரு சாண் இடைவெளியில் தப்பிய உயிரை எண்ணும்போது, கத்தியைத் தெரிவு செய்வது அற்ப காரியமன்று என்பது விளங்கும். ஆகவே அன்று மாலை முழுவதும் அவ்விரு கத்திகளையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஆராய்ந்தோம். நாம் கண்டவற்றை வாசகர்களுக்கும் கூறுகின்றோம்.

முதலிற் பார்க்க வேண்டியது வால்

கத்தி வாங்குவோர் அலகைப் பார்ப்பர், கூரைப் பார்ப்பர். பிடிக்குள் மறைந்திருக்கும் வாலைப் பார்ப்போர் சிலரே. புதிய கத்தியின் வால் சுண்டுவிரல் நீளமே இருந்தது. அதுவும் அலகு முடிந்து வால் தொடங்கும் இடம் சதுர மூலையாக வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் அத்தகைய மூலையிலேயே திரண்டு நிற்கும். வெடிப்பு அங்குதான் பிறக்கும். பழைய கத்தியின் வாலோ பிடியின் மறுமுனை வரை ஓடி, அங்கே மடித்து அறையப்பட்டிருந்தது. மூலை வளைவாக இருந்தது. பிடியின் வாயில் இரும்புப் பூண். பிடி, வைரம் பாய்ந்த முதிரை மரம். வியர்வையிலும் மழையிலும் கை வழுக்காதபடி கடைசியிற் சற்றுப் பருத்திருந்தது.

மடக்குக் கத்தியைக் கனத்த வேலைக்கு ஆகாதென ஒதுக்குவதும் இதே காரணத்தாற்றான். மடங்கும் இடமே அதன் பலவீனம்.

இரும்பும் பதமும்

இரும்பிற் கரிச்சத்துச் சேர்ந்தால் உருக்கு ஆகின்றது. கரி நூற்றுக்குக் கால் பங்கும் இல்லாத மென்னிரும்பை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் போதிய கடினம் வாராது. வாகன வில்லுத் தகட்டில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் கரி உண்டு. கூரைத் தாங்கவும் அது போதும். அடியைத் தாங்கும் வளைவும் அதற்கு உண்டு. எமது கொல்லர்கள் நூல் படித்து இதனை அறியவில்லை. அடித்துப் பார்த்து அறிந்தார்கள்.

அடுத்த நாள் மூவரும் கொல்லரின் கம்மாலைக்குச் சென்றோம். சிரட்டைக்கரி உலையில் அலகு செந்நிறம் ஏறியதும், அவர் ஒரு காந்தத் துண்டை அதனருகே காட்டினார், ஒட்டவில்லை. ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்துக்கு அகப்படாது போகும். அதற்கும் சிறிது மேலே சூடேற்றி, வாய்ப்பக்கத்தை மாத்திரம் எண்ணெயில் தோய்த்தார். அந்நிலையில் வாய் மிகக் கடினமானது. ஆனால் கண்ணாடிபோல் உடையக்கூடியது. ஆகவே முதுகில் எஞ்சிய சூடு மெல்ல வாய்க்கு இறங்க விட்டு, தேய்த்து வெளுப்பாக்கிய இடத்தில் நிறம் மாறுவதைக் கவனித்தார். வைக்கோல் நிறம், பழுப்பு, பின்னர் ஊதா. வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகை. ஊதா ஏறத்தாழ 280 பாகை. சவரக் கத்திக்கு முதல் நிறம் போதும். கட்டை பிளக்கும் கத்திக்கு ஊதாவை நோக்கி விட வேண்டும். அந்தக் கணத்தில் நீரில் அமிழ்த்தினார். கொல்லர் பதம் என்று சொல்லும் வித்தை முழுவதும் இந்தச் சில நொடிகளிலேயே அடங்கியிருக்கின்றது.

இவ்வித்தை இந்நாட்டுக்குப் புதிதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய இரும்பு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கி.பி. முதலாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அவற்றைப் போலவே ஓர் உலை கட்டி எரித்துப் பார்த்த ஜில் ஜூலெப் என்னும் ஆங்கில ஆய்வாளர், அதிலிருந்து கரி மிகுந்த உருக்கே கிடைத்ததை 1996 இல் உலகறியச் செய்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீபின் வாள்களையும் தம் வரிசையிற் சேர்த்திருக்கின்றார். சரந்தீபு என்பது இலங்கையே.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

கத்தியை நூலிற் கட்டித் தொங்கவிட்டுத் தட்டுக. மணிபோல் ஒலித்தால் நன்று. மங்கிய ஓசை வெடிப்பைக் காட்டலாம். அரத்தை வாயில் மெல்ல இழுக்குக. வழுக்கி ஓடினால் வாய் மிகக் கடினம். ஆழக் கவ்வினால் மிக மென்மை. சற்றுக் கவ்வி நகர்ந்தால் பதம் சரி. விரலின் மேல் வைத்து நிறுத்திப் பார்க்குக. வெட்டுக்கத்தியின் பாரம் பிடிக்கு முன்னே நாலைந்து விரற்கடை தள்ளி நிற்றல் வேண்டும். முதுகு ஐந்து அல்லது ஆறு மில்லிமீற்றர் தடிப்பிருத்தல் நலம். வாயைச் சவரக் கத்திபோல் மெல்லிதாகத் தீட்டலாகாது. முதல் முடிச்சிலேயே பல் விழும். ஈற்றில் காய்ந்த கட்டை ஒன்றை இருபது முறை வெட்டிப் பிடியை அசைத்துப் பார்க்குக.

பளபளக்கும் கத்தி எல்லாம் பழுது என்று நாம் கூறவில்லை. உப்புக்காற்றில் மீன் அரிவோருக்குத் துருவேறா உருக்கு மிக ஏற்றது. வில்லுத் தகட்டுக் கத்தியை எமது கடலோரத்தில் ஒரு வாரம் கவனியாது விட்டால் துரு தின்றுவிடும். கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுவது அன்றாடக் கடமை. வெட்டும்போது ஓங்கிய கையும் கத்தியும் எட்டும் தூரத்தைப் போல் இருமடங்குக்குள் ஒருவரும் நிற்கலாகாது. பிள்ளைகள் அதற்கும் அப்பால்.

பழைய கத்தியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஏப்பிரலின் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிசார் அறிவித்தனர். அன்றாடத் தொழிலுக்கு வேண்டிய கத்திகளுக்கு விலக்கு உண்டென்றே கூறப்பட்டது. ஆயினும் சாய்ந்தமருதில் நிகழ்ந்தவற்றின் அதிர்ச்சி அடங்காத அந்நாளில், சைக்கிளில் கத்தியைக் கட்டிக்கொண்டு தெருவிற் செல்லக் காக்காவின் மனம் துணியவில்லை. ஓர் இரவு எம்மிடம் வந்து, “சேர், இது உங்கட வீட்டுல கொஞ்ச நாள் கிடக்கட்டும்” என்றார். எமது விறகு மூலையில் அது நான்கு மாதம் கிடந்தது. வாரம் ஒருமுறை எண்ணெய் பூசி வைத்தோம். அதைத் திருப்பிக் கொடுத்த நாளில் அவர் கத்தியைப் பார்க்கவில்லை. எம் முகத்தையே பார்த்தார்.

இம்முறை கம்மாலையிலிருந்து திரும்பும்போது மகனின் கையிற் புதிய வில்லுத்தகட்டுக் கத்தி இருந்தது. “வாப்பா, இதுக்கு எண்ணெய் நானே பூசுவன்” என்றார் அவர். காக்கா ஒன்றும் பேசாமல் பழைய கத்தியைச் சாக்கிற் சுற்றிச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு வயற்பக்கம் புறப்பட்டார்.